சேற்றுக்குக் கீழே ஒரு பாடு

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். படித்தது அஞ்சாங்கிளாஸ். நடுநடுவே மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சொல்கிறேன்: பழவேற்காட்டு ஏரி உண்டான நாளிலிருந்து, பூநாரைக் கூட்டத்தைப் பார்த்து “உஸ்! சத்தம் போடாதே” என்று அதட்டிய மனிதர் ஒருவர்தான். பேர் ஏதோ சொன்னார். ஊரே ‘உஸ் சார்’ என்றதில் அது மறைந்துபோயிற்று.

பூமியை ஆராய்கிற காலேஜ்காரர். ஒரு பெட்டியைப் பச்சைப்பிள்ளைபோல மடியில் வைத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் பின்னறையில் குடியிருந்தார். பெட்டியை ஏரிக்குள் இருக்கும் மணல்மேட்டில் புதைத்தார். எங்கோ தூரதேசத்தில் பூமி நடுங்கினால் அந்த அதிர்வு அடியாழம் வழியாக இங்கே வருமாம். சூடான பாறை குறுக்கிட்டால் தாமதமாக வருமாம். அதைப் பெட்டி கேட்டுச் சொல்லுமாம். அதனால் ஊரில் உரல் இடித்தால் உஸ். கோழி கூவினால் உஸ். என் மருமகள் தும்மினாள், அதற்கும் உஸ். அவள் கேட்டேவிட்டாள்:

“இன்னா சார், தும்மலு பூமிக்குள்ள போவுமா?”

“உங்க தும்மல் போகும்மா.”

படகு மோதாமலிருக்க மேட்டைச் சுற்றித் தண்ணீரில் கழிகள் நட்டு, சிவப்புத்துணி கட்டினார். அங்கேதான் வந்தது வினை. நாங்கள் சீட்டுப் போட்டு, முறைவைத்து வலை கட்டுகிறவர்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். கழி நட்டால், ‘இந்த இடம் என் பாடு’ என்று அர்த்தம்.

மறுநாளே ஊர்க்கூட்டம். “இன்னா சார், ஏரிய வளைச்சிப் போட்டுக்கினியா?” என்றார் நாட்டாண்மை. பெட்டியைப் பிடுங்கி ஏரியில் வீசச் சொல்லி நாலு பேர் எழுந்துவிட்டார்கள். அது போனால் உஸ் சார் வந்த காரியமே போச்சு. முதல் தடவையாக அவரே, என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்: “அம்மா, உங்க வீட்டுக் கூழ்ச்சட்டியைக் கொண்டாங்க!”

ஆறி ஆடை கட்டிய கூழ். கூட்டத்து நடுவே கல் கூட்டி அடுப்பு மூட்டினார். சூடேற ஏற, ஆடை நடுவில் உப்பி மேடாயிற்று.

“பூமிக்குள்ளயும் இப்படித்தான் சூடு எழும்பும். பாறை தண்ணியா உருகி ஓடாது. கெட்டியாவே, நகம் வளர்ற மாதிரி மெதுவா ஏறும். மேல நாடே உப்பும், மெலியும்.” ஆடையில் கீறல் விட்டது. “சூடு மட்டும் பிளக்காது, ரெண்டு பக்கமும் இழுக்கணும்.” இரண்டு கரண்டியால் இழுத்தார். பிளந்தது. “இந்தப் பக்கம் நாம. அந்தப் பக்கம் தென்கோடியில பனி மூடின தேசம். ஒரு காலத்துல ஒண்ணா ஒட்டியிருந்தோம். நடுவுல புகுந்ததுதான் இந்தக் கடல். அதுல சூட்டோட பங்கு எவ்வளவுன்னு எங்க ஆளுங்க இன்னும் சண்டை போடறாங்க. அதுக்குத்தான் பெட்டி.”

பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்கிறோம். கடலே இல்லாத ஒரு நாள் இருந்திருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கு உள்ளங்கால் கூசியது.

அப்போது பார்த்து ஒரு கொப்புளம் வெடித்து, நாட்டாண்மையின் வெள்ளை வேட்டியில் கூழ் தெறித்தது.

கூட்டத்தில் நான் வாய் திறந்தவளில்லை. அன்று எப்படியோ வந்துவிட்டது: “அண்ணே, அவுருக்கு மீனு வேணாம். மீனுக்குக் கீழ, சேத்துக்குக் கீழ இருக்கறதுதான் வேணும்.”

நாட்டாண்மை வேட்டியைத் துடைத்தார். கடலை ஒருமுறை பார்த்தார். “கழியப் புடுங்கு. பொட்டி இருக்கட்டும். தண்ணி நம்ம பாடு. சேத்துக்குக் கீழ எம்மா ஆழம் போனாலும் சாரு பாடு.” சலசலத்த கூட்டத்தைப் பார்த்து, “உஸ்!” என்றார்.

வேலை முடிந்து உஸ் சார் பெட்டியோடு போய்விட்டார். அவருடைய பாடு இன்றுவரை வேறு யாருக்கும் போகவில்லை. அடியாழத்துச் சங்கதியை நான் தப்பாக எழுதியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். நேரில் வந்து சொல்வதானால், அந்த மேட்டுப் பக்கம் மட்டும் கொஞ்சம் மெதுவாக நடங்கள். அங்கே நாங்கள் இன்னும் சத்தம் போடுவதில்லை.