போர்மேன் அண்ணாச்சியும் சுற்றுகிற வட்டமும்

டி.வி. பெட்டிக்குப் பாதுகாப்பு விதி போட்ட மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் சிவகாசியில் எனக்கு அடுத்த வீட்டில் இருந்தார். சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்குத்தான் தெரியும். தெருவுக்கு அவர் போர்மேன் அண்ணாச்சி.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காலையில் வேன் ஏறினால் பொழுது சாய்கிற வரை வெடிமருந்தோடுதான் வாழ்க்கை. அங்கே சத்தம் போடக்கூடாது, எதையும் தொப்பென்று வைக்கக்கூடாது. நேற்றுச் சேர்ந்தவர்களிடம்கூட, "மெதுவா வைங்கம்மா" என்றுதான் சொல்வாராம். பகலெல்லாம் விழுங்கிய கோபம் எங்கேதான் போகும்? வீட்டுக்கு வந்ததும் அத்தனையும் டி.வி.க்கு அடியில் இருந்த ரெக்கார்டிங் பெட்டியின் தலையில் இறங்கும்.

அந்தப் பெட்டியை நினைத்தால் எனக்கே ரத்தம் கொதிக்கிறது. பகலில் வருகிற நிகழ்ச்சியைப் பதிந்து வைத்து ராத்திரி பார்க்கலாம் என்று வாங்கியது. ரிமோட்டில் பட்டனை அமுக்கினால் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் சுற்றும். சரி, பட்டன் விழவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அமுக்கினோமோ, தொலைந்தோம். எல்லா அமுக்கலையும் வயிற்றுக்குள் சேர்த்து வைத்திருந்து ஒரே மூச்சில் கக்கும். போதாக்குறைக்கு, 'பார்க்க' என்பதற்கு ஒட்டினாற்போலவே 'அழிக்க' என்பதை வைத்திருந்தான் எவனோ ஒரு புண்ணியவான். 'அழிக்கவா?' என்று கேட்கும்போது 'ஆம்' மேலேயே வெளிச்சத்தை நிறுத்தியும் வைத்திருந்தான். அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்!

சாயங்காலமானால் சுவரைத் தாண்டி அண்ணாச்சியின் குரல் வரும். "ஏலே தூங்குமூஞ்சி! ஒரு சரவெடி வெடிச்சு முடிஞ்சு, பேப்பரையும் கூட்டி அள்ளியாச்சுலே! நீ இன்னும் சுத்திக்கிட்டே கெடக்கியே, வெளங்குவியா?"

திட்டி அலுத்துப்போய், கம்பெனிச் சட்டத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாசலில் ஒரு செம்புத் தகடு. "ஒடம்புல இருக்க கரண்டு எறங்கட்டும், கைய வச்சிட்டு வாங்க." செருப்பும் செல்போனும் வெளியே. பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்க வேண்டும், ரிமோட்டைக் கீழே வைக்க வேண்டும், பின்னால் வந்து நிற்க வேண்டும். "பத்த வச்ச வெடிகிட்டப் போயி எவனாச்சும் எட்டிப் பாப்பானா?" என்பார். அவர் வீட்டில் டி.வி. பார்த்த எவரும் உட்கார்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இந்த நிலையில்தான் மதினி டி.வி.யில் வந்தார். மதினி என்றால் அண்ணாச்சியின் மனைவி, அதே கம்பெனியில் பாக்கிங் பிரிவு. ஊர் ஊராகப் போய்ப் படம் பிடிக்கிற ஒரு சமையல் நிகழ்ச்சிக்காரர்கள் வந்தபோது சீரணி மிட்டாய் போட்டுக் காட்டியிருந்தார். ஒளிபரப்போ வேலை நாளில், மத்தியானத்துக்கு முன்னால். தீபாவளி சீசன், லீவு என்று வாயைத் திறக்க முடியாது. மறு ஒளிபரப்பும் கிடையாதாம். தெருவே வேலைக்குப் போயிருக்க, மதினியின் மானம் முழுக்க அந்தத் தூங்குமூஞ்சியை நம்பி இருந்தது.

அன்று சாயங்காலம் வேன் வந்ததும் தெரு மொத்தமும் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போய் நின்றது. வேலைச் சேலையோடு மதினி கதவோரம் நின்றார். முகத்தில் ஒரே கலவரம். "பதிஞ்சிருக்கும்லங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி ஒரு தடவை அமுக்கினார், ரிமோட்டை வைத்தார், பின்னால் வந்தார். வட்டம் சுற்றியது.

எதிர்வீட்டுப் பேப்பர் கடை பாய்க்கு உடம்பெல்லாம் அவசரம். "என்ன அண்ணாச்சி, விடிஞ்சிரும் போலிருக்கே!" என்றவர், நைசாக ரிமோட்டை எடுத்து டக்டக்டக்கென்று அமுக்கித் தள்ளிவிட்டார்.

பெட்டி கக்கியது. பட்டியல் வந்தது, சமையல் நிகழ்ச்சி வந்தது, அதைத் தாண்டி, 'அழிக்கவா?' என்று நின்றது. வெளிச்சம் 'ஆம்' மேல். இன்னும் ஒரு அமுக்கல் அதன் வயிற்றில் மிச்சமிருந்தால் மதினி காலி.

"அய்யோ!" என்றார் மதினி.

"வெளிய போங்க! எல்லாரும் வெளிய!" என்று அலறினார் அண்ணாச்சி. பதற்றத்தில் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது மனிதருக்கு. கேட்டவர்களும் கம்பெனிக்காரர்கள்தானே. ஏன், எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இடிக்காமல், தள்ளாமல், எல்லாருக்கும் முன்னால் அண்ணாச்சியே ஓட, தெருக்கோடி வேப்பமரத்தடிக்குப் போய்த்தான் நின்றோம். மதினி கையில் எப்படி வந்ததோ, ஒரு வாளித் தண்ணீர்.

எல்லோரும் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். வீடு வெடிக்கவில்லை.

"நாம எதுக்கு ஓடியாந்தோம்?" என்று கேட்ட பாயின் கையில் ரிமோட் இருந்தது. அண்ணாச்சி ஒரு குழந்தையை வாங்குவது போல அதை வாங்கிக்கொண்டார்.

திரும்பிப் போய்ப் பார்த்தால், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் பெட்டி சலித்துப்போய்த் தானே பட்டியலுக்குத் திரும்பியிருந்தது. கடைசி அமுக்கலை, வழக்கமான மந்தத்தில், மறந்தே போயிருந்தது! மறுபடி ஒரே ஒரு அமுக்கல். பாயின் இரண்டு கைகளையும் நான் பிடித்துக்கொண்டேன்.

வந்தார் மதினி! பெட்டி தாமதமாக விழித்ததால் மிட்டாய் பிழிந்ததும் போச்சு, பாகில் போட்டதும் போச்சு. தட்டில் எடுத்து வைப்பதிலிருந்துதான் பதிந்திருந்தது. நிகழ்ச்சி நடத்துகிற பெண் கேட்டாள், "உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா?"

திரையில் மதினி வெட்கப்பட்டுச் சொன்னார்: "அவுக சத்தமே போட மாட்டாக. அம்புட்டுப் பொறுமை."

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. பாய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மதினியைப் பார்த்தார், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிற்பாடு கேபிள்காரர் புதுப் பெட்டி கொண்டுவந்தார், தொட்டால் துள்ளுகிற ரகம். பழையதில் பதிந்ததைப் புதியதற்கு மாற்ற முடியாது என்றதும் அண்ணாச்சி அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

நான் இப்போது விருதுநகரில் இருக்கிறேன். போன மாதம் போயிருந்தபோது செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு பெட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க." நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.