வெட்டிய காஜா

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு, தையல்கூடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு கறுப்புக் கோட்டின் மூன்று பட்டன் காஜாக்கள் வெட்டப்பட்டன.

வெட்டியவருக்கு அடுத்த நொடியே வேர்த்துவிட்டது. அது பிணத்துக்கான கோட்டு.

அங்கே இரண்டு வகைக் கோட்டுகள் தைத்தார்கள். ஒன்று உயிரோடிருப்பவர்களுக்கு. மற்றது, இறந்தவர்களை உடுத்திப் பெட்டியில் வைத்துத் தரும் நிறுவனத்துக்கு. தையல்காரர்கள் வாயில் அது 'பெட்டிக் கம்பெனி'. அந்தக் கோட்டுக்கு முதுகு முழுக்கத் திறப்பு. முன்னாலிருந்து மாட்டிப் பின்னால் நாடா கட்டிவிடுவார்கள். முன்பக்கம் எல்லாம் பாவனைதான். காஜாவைச் சுற்றி நூல் ஓட்டுவதோடு சரி, நடுவில் உளி வைத்து வெட்டுவதில்லை. அதன் மேலேயே பட்டனை இறுக்கித் தைத்துவிடுவார்கள். கழற்றப் போகிறவர் யார்?

காஜாக்காரருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். யோசனை எங்கோ இருக்க, கை பழக்கத்தில் உளியை இறக்கிவிட்டது. போன மாதம்தான் மாப்பிள்ளைக் கோட்டு ஒன்றில் காஜாவைத் தப்பான பக்கம் எடுத்துவிட்டு, "இன்னொரு தப்பு நடந்தா நேரா வீட்டுக்குப் போயிடணும்" என்று மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் பக்கத்து மிஷினில் காலர் தைக்கும் பெண்.

"வெட்டிட்டேம்மா."

"எதை?"

"மூணையும்."

அவள் கோட்டைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். மூன்று ஓட்டைகள் வழியாக மூன்று கோடு வெயில் அவள் முகத்தில் விழுந்தது.

"பாவம், காத்து வாங்கட்டும்னு விட்டுட்டீங்களா?"

"சிரிக்காதே. வழி சொல்லு. பதினொன்றரைக்கு வண்டி வந்துடும்."

"கறுப்பு நூலால மூடிடுங்க."

மூடினார். துணி சுருங்கி, மூன்று காஜாக்களும் அரைத்தூக்கத்தில் இருக்கும் கண்களைப் போல அவரைப் பார்த்தன. பிரித்தார். விளிம்பு நூலும் கூடவே வந்து ஓட்டைகள் இன்னும் பெரிதாயின. கடைசியில், உயிரோடிருப்பவர் கோட்டுக்குத் தைப்பது போலவே பட்டன்களை அடித்துணியில் தைத்து, ஓட்டை வழியே இழுத்து மாட்டினார். இஸ்திரி போட்டதும் பிசகு தெரியவில்லை. வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது.

ஒரு மணிக்கு போன். பெட்டிக் கம்பெனியின் குமாஸ்தா. எதற்கும் பதறாத குரல்.

"ஒரு பட்டன் அவுந்திருக்கு."

"இருக்காதே சார்."

"இருக்கு. நான் போட்டுவிட்டேன். டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா, மறுபடி அவுந்திருக்கு."

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க சார். நானே வர்றேன்."

திறந்த சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு ஊசி, நூல், உளி இருக்கும் பையோடு ஓடினார். வெள்ளை ஓடு பதித்த குளிரறையில் ஏழு பெட்டிகள். முதல் பெட்டிக்குள் கழுத்து தடித்த ஒருவர், எதையோ ஆட்சேபிக்க வந்து நிறுத்திக்கொண்டவர் போலப் படுத்திருந்தார். இப்போது இரண்டு பட்டன்கள் திறந்திருந்தன.

மூன்றையும் எட்டிழை நூலால் காஜாவோடு சேர்த்துத் தைத்தார்.

"கையோட இதையும் முடிச்சிடுங்க" என்று குமாஸ்தா ஒரு வெள்ளைப் பூவை நீட்டினார். "நெஞ்சுல பூ வைக்கணும்னு வீட்ல சொல்லியிருக்காங்க. மேல ஒரு காஜா வெட்டினா காம்பு நுழையும்."

ஒரு தப்பை மறைக்க வந்தவர், நான்காவதாக ஒன்றை வெட்டிப் பூவைச் செருகிவிட்டுத் திரும்பினார்.

நாலரைக்கு மறுபடி போன்.

"மூணும்" என்றார் குமாஸ்தா.

மறுபடி ஓடிப் போய்ப் பார்த்தார். நூல் அறுந்திருக்கவில்லை. பொறுமையாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பட்டனின் கழுத்திலும் ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பூ நெஞ்சில் இல்லை. மூக்கருகில் இருந்தது.

'பெட்டியை நகர்த்தும்போது விழுந்திருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குனிந்தார். ஊசியை முதல் பட்டனில் இறக்கினார். அடுத்த நூலை எடுக்க நிமிரப் பார்த்தால் முடியவில்லை. படுத்திருந்தவரின் நெஞ்சின் மேல் மடித்து வைத்திருந்த கையின் சுட்டுவிரல், காஜாக்காரர் சட்டையின் இரண்டாவது காஜாவில் நுழைந்திருந்தது.

"சார்," என்றார் மெல்ல. "விடுங்க சார்."

விரல் விடவில்லை.

குனிந்த வாக்கில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். இருபத்திரண்டு வருடம், மாப்பிள்ளைக் கோட்டு, மேனேஜரின் வாய், மகளின் படிப்பு, மாடிப்படி ஏறினால் வரும் முட்டி வலி. அவர் பேச்சை இவ்வளவு பொறுமையாக யாரும் இதுவரை கேட்டதில்லை.

"இப்படியே விட்டா என் வேலை போயிடும் சார்."

பட்டனில் இறங்கியிருந்த ஊசியைப் பார்த்தார்.

"சரி சார். தைக்கல."

ஊசியை வெளியே இழுத்தார். விரல் நழுவியது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

"விரல் மாட்டிக்கிச்சா? உங்க தொப்பைக்கு எந்தப் பட்டன் ஒழுங்கா மூடியிருக்கு? எது வேணா நுழையும்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நெஜமாவே வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?"

"நாளைக்குத் தெரிஞ்சிடும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனால் எதிர் நாற்காலியில் குமாஸ்தா, மடியில் ஆர்டர் நோட்டு. காலர் தைக்கும் பெண் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

காஜாக்காரர் உளியை எடுத்து மேசையின் மேல் வைத்தார்.

"நான்தான் வெட்டினேன் சார். தெரியாம நடந்து போச்சு. கணக்கு முடிச்சிடுங்க."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் குமாஸ்தா நோட்டில் ஒரு பக்கம் புரட்டினார்.

"இந்த வாரம் ஆறு கோட்டு வேணும். ஆறுலயும் காஜா வெட்டியிருக்கணும். இவரே வெட்டட்டும்."

"வெட்டினா அவுந்துடுமேய்யா!" என்றார் மேனேஜர். "செத்தவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

குமாஸ்தா பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"நேத்து அவர் கோட்டைப் பார்த்ததுலேர்ந்து மத்தவங்களும் கேக்குறாங்க."