ஜாபரின் ரேடியோவும் ஜன்னல் கம்பியும்

நான் ஒரு ரேடியோவைக் கொன்றிருக்கிறேன். அதுவும் அடுத்தவன் ரேடியோ. இருபது வருடமாகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்பதை மட்டும் சௌகரியத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வேன். சில நாள் காற்றின் மேல், சில நாள் அஞ்சலை மேல். நியாயமாகப் பார்த்தால் 2005-ல் மரக்காணத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த ஒரு முட்டாள் மேல். (அவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் சட்டைகள் இன்னும் என் பீரோவில்தான் இருக்கின்றன.)

ஜாபர் என்னோடு பள்ளியில் படித்தவன், கோட்டக்குப்பத்துக்காரன். குவைத்தில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேரோடு காலம் தள்ளியவன். அங்கே அவனுக்கே அவனுக்கென்று இருந்தது ஒரு சிற்றலை ரேடியோ மட்டும்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து, அதைக் காதோடு வைத்துத் தமிழில் நாலு வார்த்தை கேட்டால்தான் சோறு இறங்கும் என்பான். லீவில் வந்தபோதும் கூடவே தூக்கி வந்திருந்தான். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன்.

"வியாழக்கெழம ஃபிளைட்டு. பொதன்கெழம வந்து எடுத்துக்குவேன். நீ நீளமா ஒயர் கட்டுவ, தெரியும். காத்துல சார்ஜ் ஏறும்டா. ஒயர்லேர்ந்து எர்த்துக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டுடு. டெஸ்டருக்குள்ள குட்டி பல்பு இருக்குமே, அதையும் சேத்துக் கட்டு. ஏறுனது எறங்கிடும்."

"எனக்கேவா?" என்றேன்.

இந்த ஒரு வார்த்தைக்காக அந்த ஆளை இன்றைக்கும் நிற்க வைத்து அறையலாம். வருடா வருடம் நிலைமின்னியல் நடத்துகிறவன்! சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் தூக்கிக் காட்டுகிறவன்! (அப்போது தேய்ப்பதற்குத் தலையில் முடி இருந்தது.)

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உப்பளம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரம் கிடையாது. மொட்டை மாடியிலிருந்து பாத்திகளுக்கு நடுவே இருந்த மோட்டார் கொட்டகை வரை, மோட்டாருக்குக் காயில் கட்டும் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினேன். இரண்டு முனையிலும் நைலான் கயிறு; மாடி முனையிலிருந்து ஒரு துண்டு ஜன்னல் வழியே ரேடியோவுக்கு. ஏறுகிற மின்னூட்டம் தப்பித்துப் போக ஒரு பொட்டு வழி வைக்கவில்லை. அவ்வளவு கச்சிதமான வேலை. ரெசிஸ்டரை மட்டும் நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். சாயங்காலங்களில் ஈரமான கடல்காற்று, கம்பியில் சார்ஜ் நிற்காது, ஒன்றும் ஆகவில்லை. ஆறு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்றே போனது.

புதன்கிழமை காலையில் மேற்கேயிருந்து காய்ந்த மேல்காற்று கிளம்பியது. அனல், புழுதி. ரேடியோவிலிருந்து கழற்றிய கம்பியின் முனை ஜன்னலோரம் தொங்கிக்கொண்டிருந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலை குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தாள். என் மனைவி விஜயா ஜன்னல் வழியே சொம்பை நீட்ட, அஞ்சலையின் கை கம்பியில் பட்டது. சொம்பு பறந்தது.

"யம்மாடி! ஷாக் அடிக்குது சார்!"

"கரண்டே குடுக்கல அஞ்சலை. வெறும் கம்பி. எப்படி அடிக்கும்? எல்லாம் உன் பிரமை."

"பிரமையா? அப்ப நீங்க தொடுங்க, பாப்போம்."

"தொடுங்களேன்," என்றாள் விஜயாவும்.

தொட்டிருக்கலாம். ஒரு விரல்தானே, ஒரு துள்ளல்தானே! ஆனால் என் விரலைவிட ஜாபரின் ரேடியோ தைரியசாலி என்று தோன்றிவிட்டது. "இப்ப பாரு," என்று கம்பியை அதில் செருகினேன்.

டப்.

நீலமாக ஒரு பொறி. ரேடியோவில் விளக்கு எரிந்தது. சத்தம்தான் இல்லை. திருகிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். இரைச்சல்கூட இல்லை.

"இப்ப சொல்லுங்க சார்," என்றாள் அஞ்சலை.

கத்தினேன். தெருவே கேட்கக் கத்தினேன். "ஈரக் காலோட உன்ன யாரு ஜன்னல்கிட்ட வரச் சொன்னது?"

"உப்பளத்துலேர்ந்து வேற எந்தக் காலோட சார் வர்றது?" என்றாள். இன்னும் உரக்கக் கத்தினேன். விஜயா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மதியம் ஜாபர் வந்தான். எல்லாப் பட்டனையும் ஒவ்வொன்றாக அமுக்கினான். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான்.

"சுத்தி எங்க பாத்தாலும் உப்புத் தண்ணி. ஜில்லாவுலயே இதுக்கு மேல ஒரு எர்த் கெடைக்காதுடா. ஒரு இரும்புக் கம்பிய நட ஒனக்குக் கை வரல. இனிமே எதத் தொடுறதா இருந்தாலும், மொதல்ல போய் ஒரு இரும்பத் தொட்டுட்டு வா."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் கத்தவில்லை. மறுநாள் ரேடியோ இல்லாமல் விமானம் ஏறினான்.

புதுச்சேரியில் ஒருவர், கடுகளவு டிரான்சிஸ்டர் ஒன்றை மாற்ற மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். ரெசிஸ்டரை நானே உள்ளே சால்டர் செய்து, குவைத் கிளம்பிய ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். ஜாபர் போன் செய்தான்.

"கேக்குதுடா. முன்ன மாதிரி இல்ல," என்றான்.

அடுத்த வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். துணியில் சுற்றி நர்ஸ் என்னிடம் நீட்டினார். கட்டிலில் கண் மூடிப் படுத்திருந்த விஜயாவிடமிருந்து குரல் வந்தது: "இருங்க சிஸ்டர். அவர மொதல்ல அந்த ஜன்னல் கம்பியத் தொட்டுட்டு வரச் சொல்லுங்க."

இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். புது போனோ லேப்டாப்போ, என் கையில் கொடுப்பதற்கு முன் ஜன்னலைக் காட்டுகிறாள். எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. போய்த் தொட்டுவிட்டுத்தான் வருகிறேன்.