அம்பியின் மருந்து

"பூனைக்குத் தயிர்சாதமா போடறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அடையாறு டாக்டர் அம்பியின் பின்னங்காலில் மாவுக்கட்டைப் போட்டு முடித்தார். "எலும்பு சேரணும் சார். குதிக்க விடாதீங்க. தினம் ரெண்டு துண்டு மீன் வேகவச்சுக் கொடுங்க."

வேதாந்தத்துக்கு வேர்த்துவிட்டது. மயிலாப்பூரில் அவர் தனியாகக் குடியிருந்த கீழ்ப் போர்ஷனில் வெங்காயம் வதக்கினாலே மாடியிலிருக்கும் வீட்டுக்காரர் சந்திரமௌலி இருமுவார். மீன் என்றால் காலிதான்.

ஆனால் அவர் ஆபீஸிலிருந்து திரும்பும்போது வாசலுக்கு வந்து பார்க்கிற ஜீவன் அம்பி ஒன்றுதான். டாக்டர் சொன்னது சொன்னதுதான்.

மீன் என்று சொல்ல வாய் வரவில்லை. தெருமுனையில் கூடை வைத்திருந்த குப்பம்மாவிடம் பூனையைப் பற்றிச் சொல்லி, "மருந்து ரெண்டு துண்டு" என்றார். அவள் சிரிக்காமல் முள் எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். கதவையெல்லாம் சாத்தி வேகவைத்தார். அம்பிக்குக் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஆபீஸ் போனார்.

சாயங்காலம் அவர் திரும்பியதும் சந்திரமௌலி படியிறங்கி வந்தார். "என்ன ஓய், ஏதோ வாடை வர்றதே? எங்காத்துல ஜானு மூக்கைப் பிடிச்சுண்டு உட்கார்ந்திருக்கா."

வேதாந்தம் சாம்பிராணி போட்டார். சாம்பிராணியும் மீனும் சேர்ந்து புது வாசனையாக மாடி ஏறின. பினாயில் ஊற்றிக் கழுவினார். அம்பி விடாமல் தும்மியதில் கட்டே தளர்ந்துவிட்டது.

டாக்டர் வேறு கட்டுப் போட்டார். "கால் அருமையாச் சேருது சார். சொன்னதை இப்படிக் கேக்கற ஆளை நான் பார்த்ததே இல்ல. ஆனா வெயிட் ரொம்ப ஏறிடுச்சு, கால் தாங்காது. மீனை நிறுத்துங்க."

நிறுத்தினார். அம்பி இன்னும் உப்பியது. வாடையும் போகவில்லை. சந்திரமௌலி எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஜானு பிடிவாதமாக இருப்பதாகவும், மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

கட்டுப் போட்ட பூனையோடு வந்தால் யார் வீடு கொடுப்பார்கள்? வேதாந்தம் நேரே குப்பம்மாவிடம் போனார். மருந்து வாங்குவதை நிறுத்தி ஒரு வாரமாகிறது, அந்த வாடை இன்னும் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டார்.

குப்பம்மா இப்போது சிரித்துவிட்டாள்.

"நீ நிறுத்துனா இன்னா சாமி? உங்க மேல் வூட்டு சாமி, உன் பூனைக்கு ஜன்னல் வழியா போடணும்னு தெனம் வாங்கினு போறாரே. அவரும் மருந்துன்னுதான் கேக்குறாரு."