கள்ளன் சொன்ன ‘வாறன்’

கலியாண வீட்டில் நாலு பேரைச் சிரிக்கவைத்தவனுக்கெல்லாம் தான் பெரிய நடிகன் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது. (வாயைத் தவிர வேறு தகுதி கிடையாது.)

சில வருஷத்துக்கு முன் அக்காவின் மகள் டிலானி கம்ப்யூட்டர் படிப்பின் இறுதியாண்டுக்கு ஒரு துப்பறியும் கேம் செய்தாள். பழைய பாணி: வரைந்த பொம்மைகள் இல்லை, உண்மையான ஆட்களை வீடியோ எடுத்து வைப்பார்கள், விளையாடுகிறவர் அவர்களை விசாரித்துக் கள்ளனைப் பிடிக்கவேண்டும். இது சரிவராவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை. அப்படியிருந்தும் தாலிக்கொடி திருடுகிற சித்தப்பாவாக என்னைப் போட்டாள்.

கடைசிக் காட்சி என் வீட்டு வாசலில். பையோடு படி இறங்கி, வீட்டுக்காரியாக நடிக்கிற என் மனைவியிடம் “போறன்” என்று ஒரே ஒரு சொல். கள்ளன் ஒரேயடியாக ஓடுகிறான் என்பதற்கு அந்தச் சொல்தான் துப்பு.

படி இறங்கினேன். “வாறன்” என்றேன்.

“மாமா, ‘போறன்’ எண்டு சொல்லுங்க,” என்றாள் டிலானி.

“வாசல்ல நிண்டு அப்பிடிச் சொல்லேலா புள்ள.”

“நீங்க கள்ளன் மாமா.”

“கள்ளனுக்கும் வீடு வாசல் இருக்குதானே.”

மனைவியும் சேர்ந்துகொண்டாள். “அவர் அப்பிடிச் சொன்னா நான் திரும்ப உள்ளுக்கு எடுக்கமாட்டன்.”

வாவிப்பக்கம் வெயில் இறங்கும்வரை எடுத்தோம். ‘போறன், போறன்’ என்று முணுமுணுத்துக்கொண்டே வருவேன். படியைக் கண்டதும் நாக்கு மாறிவிடும். இரவல் கமெராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால், எடுத்ததையே போட்டாள்.

பரீட்சைக்கு நானும் போனேன் (யாரும் கூப்பிடவில்லை). விரிவுரையாளர் விளையாடிக்கொண்டே என் வாசல்வரை வந்துவிட்டார். திரையில் இரண்டு பொத்தான்: ‘காத்திரு’, ‘துரத்து’. முதலாவதை அழுத்தினார். வெறும் வாசல். எங்கள் ஆடு வந்து படியை மோந்துவிட்டுப் போனது. பிறகு, ‘கள்ளன் தப்பிவிட்டான்.’

“ஆள் வாறன் எண்டுதானே சொன்னவர்?” என்றார்.

டிலானி என்னைப் பார்த்த பார்வையில் நான் இருந்த கதிரையோடு சுருங்கிப்போனேன். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “சேர், அதுதான் பொறி. நம்மட ஊர்ல ஓடிப்போறவனும் வாறன் எண்டுதான் சொல்லுவான்.”

அவர் திரையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். “அப்ப இஞ்ச ஒருத்தரையும் நம்பேலா” என்று சிரித்தார்.

அவள் பாஸ். தண்டனை எனக்கு. இப்போதும் சாமான் வாங்க ஓட்டமாவடிக்குப் புறப்பட்டு “வாறன்” என்றால், மனைவி அகப்பையோடு குசினியிலிருந்து தலையை நீட்டிக் கேட்கிறாள்:

“காத்திருக்கட்டா, துரத்தட்டா?”