மட்டாஞ்சேரிக்கு வந்த மரநாய்

ஒன்றுமே தெரியாதவனைவிட, இரண்டு மொழி அரைகுறையாகத் தெரிந்தவனால்தான் ஊருக்கு ஆபத்து அதிகம். கண்ணாடியைப் பார்த்தபடியேதான் இதைச் சொல்கிறேன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து, கண்ணில் படும் பறவை, விலங்குகளைப் பதிவு செய்து வரைபடம் போடுவதென்று கிளம்பினோம். அதற்கு நல்ல செயலியாகப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (வீட்டில் லேப்டாப் இருந்ததுதான் தகுதி.) ஒரு செயலி போட்டோ கேட்டது. நாம் சொல்லும் பெயரை வேறு நாலு பேர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஏற்குமாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னொன்று பரம சாது. மலையாளத்தில் பெயரை அடித்தால் போதும், வரைபடத்தில் புள்ளி விழுந்துவிடும். "இதுதான் மக்கள் செயலி!" என்று பேசிப் பேசியே எல்லாரையும் சம்மதிக்க வைத்தேன்.

ஹம்சக்காவின் (அக்கா இல்லை, ஹம்சா இக்கா; இக்கா என்றால் அண்ணன்) அரிசி கோடௌன் கூரையில் ஒரு மரநாய் குட்டி போட்டிருந்தது. அதுதான் என் முதல் பதிவு. வீட்டில் தமிழில் சொல்லும் பெயரை அப்படியே மலையாள எழுத்தில் அடித்தேன். புள்ளி சிவப்பாக விழுந்தது. மலைக்காட்டில் மட்டுமே வாழும் அபூர்வ உயிரினம் என்றது செயலி. எனக்குப் புல்லரித்துப் போய், உடனே குழுவில் போட்டேன். யாரோ அதை பஜார் முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை கோடௌன் வாசலில் ஏணி நின்றது. பலகையும் ஆணியுமாக ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். ஹம்சக்கா ஏணியைப் பிடித்திருந்தார்.

"ஃபாரஸ்ட்காரர் வந்து கோடௌன் பூட்டியால் நான் எந்து செய்யும் சாரே? ஓட்டை அடைக்காம வேற வழியில்லா."

குட்டிகள் உள்ளேதான் இருந்தன.

நல்லவேளையாக எங்கள் குழுவின் ஷீலா சேச்சி ஓடி வந்தார். பள்ளியில் விலங்கியல் எடுப்பவர்.

"சாரே, மரநாய் மலையிலுள்ளதல்லே? இவிடெ எங்ஙனெ வரும்?"

"நீள வால், சாம்பல் உடம்பு, பழம் திங்கும், கூரை மேல ஓடும்..."

"ஐயோ, அது மரப்பட்டி!"

"பட்டின்னா நாய்தானே சேச்சி?"

"தரையில நின்னா ரெண்டும் ஒண்ணு. மரத்துல ஏறினா வேற வேற!"

தமிழில் மரநாய் என்பதற்கு மலையாளத்தில் மரப்பட்டி என்று பெயராம். மலையாள மரநாய் வேறு பிராணியாம்.

ஹம்சக்கா ஏணியை விட்டுவிட்டுக் கைதட்டிச் சிரித்தார். (மேலே நின்றவர் அலறினார்.) "நம்ம மரப்பட்டியோ? அது வாப்பாவின் காலம் முதல் இவிடெ உண்டல்லோ! எடோ, இறங்கிக்கோ!"

அதே கூரை, அதே தாய், அதே குட்டிகள். நான் வைத்த பெயரோடு விட்டிருந்தால் அவை உள்ளேயே செத்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் மனசு கூசுகிறது. அன்றே போட்டோ கேட்கும் செயலிக்கு மாறிவிட்டோம்.

போன மாதம் மகளுக்கு ஒரு வரன் வந்தது. "தங்கமான பையன், நம்ம பாலக்காட்டுப் பக்கம்தான்" என்று நான் அடித்துச் சொன்னேன். என் மனைவி வசந்தா சாயாவைக் கீழே வைத்தாள்.

"நாயா, பட்டியா? நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டு வாங்க."