பதினோரு கண்காட்சி கண்ட மைலேஜ்

கார் பார்க்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. கவனியுங்கள், வாங்குகிறவர் இல்லை, பார்க்கிறவர். வருஷத்துக்கு ஒரு தடவை மைதானத்தில் கார் கண்காட்சிக்குப் பந்தல் போட்டதும் இவர்கள் எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடுவார்கள். கையில் காலியான பெரிய பை, காலில் பழகிய செருப்பு, முகத்தில் நாலு கம்பெனிக்கு முதலாளி மாதிரி ஒரு சலிப்பு. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். காரின் கதவைத் திறந்து, மூடி, அந்தச் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டு, 'ம்ஹூம்' என்று உதட்டைப் பிதுக்குவாரே, அவரேதான்.

இந்த இனத்துக்கு ஒரு தலைவர் வேண்டுமென்றால் மைலேஜைத்தான் சொல்ல வேண்டும். அது அலுவலகத்தில் வைத்த பெயர். தபால் பிரிவுக்கு அவர்தான் மேலாளர். யார் எந்த வண்டியில் வந்து இறங்கினாலும், "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று கேட்ட பிறகுதான் வணக்கமே சொல்வார். பதினோரு வருஷமாக ஒரு கண்காட்சியையும் விட்டதில்லை. பதினோரு வருஷமாக ஒரு காரும் வாங்கியதில்லை. "இப்ப வாங்கறவன் ஏமாளி. அடுத்த வருஷம் கம்பெனிக்காரன் இதையே மாத்தி விடுவான், அப்பப் பாருங்க" என்பார். அவருக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்கிறீர்களா? அதெல்லாம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் மட்டும் விஷயம் விளையாட்டாக இல்லை. அவர் மனைவி நர்ஸ். பத்து வருஷம் காத்திருந்து தலைமை நர்ஸ் பதவி கிடைத்திருந்தது, ஊரின் மறுகோடி ஆஸ்பத்திரியில். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பணியில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் முதல் பஸ்ஸே ஆறே காலுக்குத்தான். அந்த அம்மாள் சத்தமில்லாமல் மூன்று மாதம் பயிற்சிக்குப் போய் லைசென்ஸும் எடுத்து வைத்துவிட்டார். சேமிப்பு இருவர் பெயரிலும் இருந்ததால் இருவர் கையெழுத்தும் வேண்டும். அதனால்தான் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தாரே தவிர, ஆலோசனைக்கு இல்லை.

கண்காட்சியின் கடைசி நாள், வியாழக்கிழமை. மூன்றாவது அரங்கில் ஒரு சின்னச் சாம்பல் நிறக் கார் நின்றது. அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்தார். கால் எட்டியது, கண்ணாடியில் பின்னால் தெரிந்தது, இறங்கிவிட்டார்.

"இந்த மாடலுக்கு ரெண்டு மாசம் காத்திருக்கணும் மேடம்" என்றாள் விற்பனைப் பெண். "ஆனா இன்னைக்குக் கடைசி நாள். பார்வைக்கு வெச்ச இந்த ஒரு வண்டிய மட்டும் குடுக்கறோம். சனிக்கிழமை சாவி உங்க கையில."

"இதுவே போதுங்க. கையெழுத்துப் போடுங்க" என்றார் மனைவி.

"மூணாவது கடையிலயே யாராவது முடிவு பண்ணுவாங்களா? இன்னும் முப்பது கடை இருக்கும்மா!"

"அரை மணி நேரம். நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

அரை மணி நேரமா? கண்காட்சியை முழுசாக அனுபவிப்பது என்றால் என்னவென்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அரங்கிலும் டயரைக் காலால் ஒரு தட்டு தட்டி, பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, பின்சீட்டில் காலை நீட்டிக் கண்ணை மூடி, டிக்கியில் தலையை விட்டு, விலைப்பட்டியல் புத்தகம் ஒன்று கேட்டு, நண்பருக்கு என்று இன்னொன்று கேட்டு, கடைசியில் விற்பனைப் பையனுக்கே பதில் தெரியாத ஒரு கேள்வியைப் போட்டு அவன் திருதிருவென்று விழிப்பதைக் கண் குளிரப் பார்த்துவிட்டு நகர்வதற்கு எவ்வளவு நேரமாகும்? இரண்டு மணி நேரம் கழித்துப் பை நிறையப் புத்தகங்களோடு மைலேஜ் திரும்பினார். அவர் கண்ட முடிவு என்ன தெரியுமா? சாம்பல் நிறக் கார்தான் சிறந்தது!

மனைவி தண்ணீர் வாங்கப் போயிருந்தார். காரின் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் தயங்கி நின்றார்கள்.

"சார், இந்த வண்டி எப்படிங்க?" என்றான் அந்தக் கணவன்.

தீர்ந்தது. மைலேஜை இதுவரை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. பையைக் கீழே வைத்தார். எஞ்சினில் ஆரம்பித்து, மேடு ஏறும் சாமர்த்தியம், ஏ.சி., பிரேக் என்று இருபது நிமிஷம் மூச்சு விடாமல் பொழிந்தார். "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க தம்பி. யோசிச்சீங்கன்னா போச்சு, ஒரே ஒரு வண்டிதான் இருக்கு!" என்று அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் விற்பனைப் பெண்ணிடம் ஒப்படைத்தவரும் அவரே. அது யாருக்கு வேண்டிய வண்டி என்பது பேச்சு ருசியில் அவருக்கு மறந்தே போயிற்று.

தண்ணீர் பாட்டிலோடு அந்த அம்மாள் வந்தபோது, கார் மேல் 'விற்பனையாகிவிட்டது' என்று அட்டை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சாராலதான் மேடம் முடிஞ்சுது. என்னமாப் பேசறாரு!" என்றாள் விற்பனைப் பெண்.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருஷம் இரவு பகலாக உழைத்தது இந்த மனிதர் வாயில் போயிற்றே! கணவரின் மணிக்கட்டைப் பிடித்தார், அடுத்த அரங்குக்கு இழுத்துக்கொண்டு போனார், கண்ணில் பட்ட வெள்ளைக் காரைக் காட்டினார்.

"இது சனிக்கிழமை கிடைக்குமா?"

"கிடைக்கும் மேடம். ஒண்ணு கைவசம் இருக்கு."

"எழுதுங்க."

மைலேஜ் கதவைத் தட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "இதுல பாத்தியா, சஸ்பென்ஷன்..."

"வாயத் திறக்காதீங்க. யார் காதுலயாவது விழுந்து, இதையும் வாங்கிட்டுப் போயிடப் போறாங்க. கையெழுத்த மட்டும் போடுங்க."

போட்டார். திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு அந்த அம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார்.

'எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இப்படித்தான்' என்று சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சத்தமாகவே இதை வீட்டில் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அவர்களும் சிரிக்கிறார்களே, யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?